எடிட்டர் அழிக்கச் சொன்ன பகுதி

இரத்தினபுரி டவுனில் ஐந்து பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. மண்சரிவு அபாயம் என்றால் தோட்டத்து மக்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் நிரலை நாங்கள்தான் எழுதினோம். கொடகவெலவுக்கு மேலே தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கும் என் அம்மாவின் நம்பரை முதல் ஆளாகப் பதிந்தேன். அம்மாவுக்குச் சிங்களம் பேச்சில் தண்ணீர் பட்ட பாடு, வாசிக்கத் தெரியாது. அதனால் தமிழில் பதிந்தேன்.

அன்று காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் நாங்களும் எங்கள் நம்பர்களைப் பதிந்திருந்தோம். சிங்களத்தில் பதிந்தவர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன: கொடகவெலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து உடனே வெளியேறவும். தமிழில் பதிந்த என் போன் வாயைத் திறக்கவில்லை.

"ஐயோ, தமிழ் எங்க?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணா, நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருளில் அதைத் திறந்தார். தமிழ்ச் செய்தி அனுப்பும் பகுதியே அங்கே இல்லை.

"எடிட்டர் அதைச் சாம்பல் நிறத்தில காட்டினது, தங்கச்சி. நிரலில ஒரு இடமும் அதைக் கூப்பிடேல்லை, தேவையில்லாத பகுதி எண்டு. போன கிழமை நான்தான் அழிச்சனான்."

ஒரே ஒரு அழுத்து, அவ்வளவுதான். நிரல் ஓடும்போதுதான் மொழியின் பெயரைப் பார்த்து அந்தப் பகுதியைக் கூப்பிடும் என்பது எடிட்டருக்கு எங்கே தெரியப்போகிறது? சிங்களப் பகுதியை எங்கள் சோதனைப் பக்கம் நேரடியாகக் கூப்பிடுவதால் அது தப்பிவிட்டது. இத்தனை வருடம் நிரல் எழுதிய மனிதர் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக்கூடாதா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மாற்றத்துக்குச் சரி சொன்னது நான். எடிட்டர் பிழை என்று சிவப்புக் கோடு எதுவும் போடவில்லை என்று, வாசிக்காமலே சரி சொல்லியிருந்தேன்.

அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. பிறகு அவரே திருப்பிக் கோல் எடுத்தார்.

"எறங்கிட்டீங்களாம்மா?"

"இப்பதான் எல்லாரும் சேர்ச்சுக்கு வந்தோம். குசினியில அடுப்பு பூரா மண்ணு. நாங்க எல்லாம் வீட்டு முன்பக்கம் இருந்ததால யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அம்மா நிறுத்தவில்லை.

"காலையிலயே லயத்துக் கான்ல ஓடுற தண்ணி சேறாத்தான் வந்துச்சு. முந்தின்னா அப்பவே எறங்கியிருப்போம். பக்கத்து வீட்டுக்காரங்க புள்ளைகளத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. நான்தான் தடுத்தேன். ஏதாச்சும்னா எம் மக செஞ்ச மெசேஜ் வரும், வரலன்னா பயமில்ல, இருங்கன்னு சொன்னேன்."