தோட்டா மாமாவின் படம்

பட்டாளத்தில் இருந்த பன்னிரண்டு வருடத்தில் தோட்டா மாமா சுட்டதெல்லாம் ரொட்டிதான். ஒரு நாளைக்கு நானூறு. அதை அவர் மறைக்கவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்காததற்குக் காரணம் கூடத்துச் சுவரில் தொங்கிய படம். ஊர் திரும்பிய அன்று ரயிலடிக்கு எதிரே இருந்த ஸ்டூடியோவில் எடுத்தது. அங்கே இருந்ததே மூன்று சாமான்: நிலா வரைந்த திரை, அட்டையில் செய்த மோட்டார் கார், ஒரு தோட்டாப் பட்டை. புதுமாப்பிள்ளைக்கு நிலா, பணக்காரனாக ஆசைப்பட்டவனுக்குக் கார், மீசை வைத்த எவனுக்கும் பட்டை. மாமாவுக்கு மீசை இருந்தது. சுவரொட்டியில் நின்ற கொள்ளைக்காரன், புரட்சிக்காரன், நாடகத்துத் தளபதி எல்லோரும் அதை மார்புக்குக் குறுக்கே போட்டிருந்த காலம். துப்பாக்கி பிடித்திருந்தால் சுடத் தெரியுமா என்று கேட்பார்கள். பட்டை போட்டவனிடம் கேள்வியே கிடையாது. மரக்கட்டையைச் சீவித் தங்கப்பூச்சு பூசிய தோட்டாக்கள் என்று யாருக்குத் தெரியும்? அக்காள் பிள்ளைகளில் தொடங்கி, சின்ன மாமனார் வழிப் பேரன்மார் வரைக்கும் அவர் தோட்டா மாமா ஆகிவிட்டார்.

இளைய மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையனை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. பாக்கி, பையனின் அப்பா தலையாட்ட வேண்டியதுதான். அவர் நிஜமாகவே சண்டை போட்டவர். முழங்காலில் இரும்புத் துண்டு இன்னும் இருந்தது. "படைவீரர் வீடு" என்று தரகர் சொன்னதால்தான் வந்தார்.

வந்தவர் உட்காரவில்லை. நேரே படத்தின் முன்னால் போய் நின்றார்.

"என்னங்க இது, தோட்டா மூக்கெல்லாம் மேல பாக்குது? ரெண்டடி நடந்தா கீழ கொட்டிடுமே?"

மாமாவின் மனைவி முந்திக்கொண்டாள். "படம் மாட்டினவன் தலைகீழா மாட்டிட்டான் அண்ணா."

"அப்ப இவர் தலையும் கீழதான இருக்கணும், தங்கச்சி!"

தரகர் இருமினார். கதவோரம் நின்ற மகள் அப்பாவையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"எல்லாம் மரக்கட்டைங்க. நான் பட்டாளத்துல சமையல்காரன். துப்பாக்கியத் தொட்டதுகூட இல்ல. தப்பு என்னோடது, எம்பொண்ணு ஒண்ணும் பண்ணல."

வந்தவர் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் ஆறு வருஷம் நிஜப் பட்டையச் சுமந்தேன். தோளெல்லாம் புண்ணு, உடம்பெல்லாம் சேறு. அந்தக் கோலத்த எவன் படம் எடுப்பான்? கால்ல இரும்போட வந்தும், நான் பட்டாளத்துல தபால் பிரிச்சேன்னுதான் எம்பொண்டாட்டியே இன்னும் நெனச்சிட்டிருக்கா. மூத்தவன் புள்ள, கடையில பிளாஸ்டிக் தோட்டா பெல்ட் வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டு, 'இதெல்லாம் உனக்குத் தெரியாது தாத்தா'ங்கறான்."

"வருத்தப்படாதீங்க" என்றார் மாமா.

"பொண்ணு எங்க வீட்டுக்குத்தான். அதுல மாத்தமில்ல." வந்தவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஸ்டூடியோ இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஸ்டூடியோக்காரன் மகன் நடத்தறான்."

"பட்டை?"

"கேட்டுப் பாக்கலாம், சம்பந்தி."

தேதி பேசத் தரகர் வாயைத் திறப்பதற்குள் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தார்கள்.