வால் கூறு வந்த சனிக்கிழமை

கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு நாள் வரும் என்று அம்மா சொன்னால், நான்காம் நாள் ரசம் நுரைகட்டும் நேரத்தில் அடுப்பு அணையும். அதற்குள் அடுத்த தோங் வந்து கதவோரம் நிற்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குத் தெரியாதது உலகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அந்த வருஷம் முழுக்க ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் இரண்டே விஷயங்கள்தான் சேர்ந்திருந்தன: நீந்துவது, சைக்கிள் ஓட்டுவது.

மலேசியாவில், கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் இருந்தோம். அப்பா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அம்மாவும் முன்பு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். சர்க்யூட் பலகைகளை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, பற்றவைப்பில் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. தம்பி பிறந்ததும் நின்றுவிட்டார். அதன் பிறகு வீடு அப்பாவின் சம்பளத்தில் மட்டும் ஓடியது. ஓடியது என்பதைவிட, அம்மா ஓட்டினார் என்பதே சரி.

குளிர்பெட்டிக் கதவில், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஏழு நாள் சாப்பாடும் எழுதி ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழி. அதன் தொடையும் நெஞ்சும் அன்றைக்குப் பிரட்டல். கழுத்தும் முதுகெலும்பும் திங்கட்கிழமை சூப்பாகும். சூப்பில் ஊறிய கறியை உதிர்த்துச் செவ்வாய்க்கிழமை முட்டையோடு கலந்து பொரித்தால், அது கோழி என்று யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்காது. புதனுக்கு நெத்திலிச் சம்பால், வியாழனுக்குப் பருப்பு, வெள்ளிக்கிழமை எப்படியும் சைவம். சனிக்கிழமைக்கு நேரே மட்டும் 'மீன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும்.

கேள்விக்குறிக்குக் காரணம் கொங்சி. எங்கள் தளத்தில் நாங்கள், மூலைவீடு, எதிர்வீடு என்று மூன்று வீட்டார் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். மூலைவீட்டு அக்காவின் கணவர் லோரி ஓட்டுபவர். சனிக்கிழமை காலையில் செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து ஒரு மூட்டைக் காய்கறியும் ஒரு பெரிய தெங்கிரி மீனும் கொண்டு வந்து இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். காய்கறியைத் தராசு பிரித்துவிடும். மீன் விஷயத்தில் தராசு உதவாது. தலையும் நடுவும் வாலும் ஒரே எடை காட்டினாலும் ஒன்றாகிவிடுமா? அதனால் அம்மா மீனை வெட்டி மூன்று கூறு வைப்பார். ஒரு பிள்ளையைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, மூலைவீட்டு அக்கா ஒரு கூறின் மேல் விரலை வைத்து, இது யாருக்கு என்று கேட்பார். பிள்ளை எந்த வீட்டைச் சொல்கிறதோ அந்த வீட்டுக்கு அது. அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தப் பிள்ளை நான்தான். பள்ளியில் வகுப்புத் தலைவியாக இருந்ததைவிட எனக்கு அது பெரிய பதவி.

அந்த வாரம் புதன்கிழமை இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன. முதலாவது அம்மாவின் பழைய தொழிற்சாலையிலிருந்து. ஓர் இடம் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். இரண்டாவது கேரி தீவிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா. அப்பாவுக்கு ஓவர்டைம் குறைந்துவிட்டது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"கைப்புள்ளைய எங்கிட்ட விட்டுடு தம்பி. வெள்ளிக்கிழமை வந்து தூக்கிட்டுப் போங்க, ஞாயித்துக்கிழமை கொண்டாந்து விடுங்க. அவ வேலைக்குப் போவட்டும். ஒத்தச் சம்பளத்துல எத்தன நாளைக்கு இழுப்பீங்க?"

பாப்போம் லா அக்கா என்றார் அப்பா. எந்தக் கேள்விக்கும் அவர் அதைத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருகிறோம், நேரில் பேசி முடிவு செய்வோம் என்று அத்தை வைத்துவிட்டார். அம்மா தம்பியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஒரு பரீட்சை. அது நன்றாக அமைந்தால் இந்த வீட்டில் குறை இல்லை என்று அத்தை நம்புவார், தம்பி எங்களோடு இருப்பான். இல்லையென்றால் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஐந்து நாள் என்னைப் பார்க்காமல் வளர்ந்து, அத்தையை அம்மா என்று கூப்பிடுவான். அவனுக்குப் பத்து மாதம். நான் கைதட்டினால்தான் சோறு வாங்குவான். அது அத்தைக்குத் தெரியாது.

அந்த மாதம் கோழி விலை ஏறியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே இருந்த கோழியை அம்மா கோடு போட்டு அடித்துவிட்டு, மீன் என்று எழுதியிருந்தார். ஆகவே எங்களுக்கு நடுக்கூறு வந்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் சாரல் அடித்தது. வழக்கமாகப் படிக்கட்டுப் பக்கம் உட்காருபவர்கள் எங்கள் வாசலுக்கு நகர்ந்து வந்தார்கள். என்னை எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். உள்ளே விளக்குப் போடவில்லை. இருண்ட கண்ணாடியில் எனக்குப் பின்னால் இருந்த மீன் வெட்டும் பலகையும், மூன்று கூறும், மூலைவீட்டு அக்காவின் விரலில் இருந்த மோதிரமும் தெரிந்தன.

எதிர்வீட்டு ஆன்டி குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "மூணு வாரமா எனக்கு வாலாவே சொல்றா இந்தப் பொண்ணு. இன்னிக்காச்சும் நல்ல வாக்கு சொல்லுடி கண்ணு" என்றார்.

விரல் வாலின் மேல் இருந்தபோது எதிர்வீடு என்றேன். தலையின் மேல் இருந்தபோது மூலைவீடு என்றேன். நடுக்கூறு எங்களுக்கு மிஞ்சியது. எதிர்வீட்டு ஆன்டி சிரித்துக்கொண்டே, சரி, என் மாமியாருக்கு மீன் வாலும் நாய் வாலும் ஒண்ணுதான், தொடவே மாட்டாங்க என்று தட்டை நீட்டினார்.

அம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"பலகை நகந்துடுச்சிக்கா. தலைக் கூறுல இருந்த துண்டு இதுல விழுந்துடுச்சி. திரும்ப வெச்சிக் கூப்பிட்டுக்கலாம்" என்றார்.

பலகை நகரவில்லை. எந்தத் துண்டும் விழவில்லை. அம்மா கூறுகளை இடம் மாற்றினார். எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, ஜன்னலிலிருந்து சுவருக்குத் திருப்பி நிறுத்தினார். அந்தக் கை அழுத்தவும் இல்லை, கிள்ளவும் இல்லை. முகத்துக்கு நேரே வெறும் சுண்ணாம்புச் சுவர். இது யாருக்கு என்று கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டு மூன்று வீட்டையும் வரிசையாகச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் எதிர்வீட்டு ஆன்டியின் தட்டில் நடுக்கூறு இருந்தது. வால் எங்களுக்கு.

சமையலறையில் நான் அழுதேன். தம்பிக்காகத்தான் செய்தேன் என்று சொன்னேன். அம்மா திட்டவில்லை. வால் துண்டுகள் போட்ட ஒரு கிண்ணத்தை என் மடியில் வைத்தார்.

"வாலுல என்னென்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில எழுந்து வந்து முள்ளெடு."

மறுநாள் நான் பார்த்ததை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. வால் துண்டுகளை மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, சதையை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் முள் பொறுக்கி முடித்த சதையை மறுபடி வாங்கி விரல்நுனியால் ஒருமுறை தடவினார். நான் விட்ட முள் பதினொன்று இருந்தது. கண்ணால் பார்க்காமலே எடுத்தார். அந்தச் சதையில் பாதி, வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்ந்து பூப்பூவாக மீன்புட்டு ஆயிற்று. மீதிப் பாதி உருளைக்கிழங்கோடு சேர்ந்து, முட்டையில் தோய்ந்து, கட்லெட்டாக எண்ணெயில் இறங்கியது. முள்ளும் தோலும் வெந்த நீரை வடிகட்டிப் புளி கரைத்தார். கத்திரிக்காய், வெண்டைக்காய், கீழே கார் நிறுத்துமிடத்து மரத்தில் அப்பா பறித்து வந்த மாங்காய் எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டார். அந்தக் குழம்பில் ஒரு துண்டு மீன்கூட இல்லை. வாசனை படிக்கட்டுவரை போயிற்று. கங்கோங் கீரையின் இலை பொரியலுக்கு, தண்டு பருப்புக் கூட்டுக்கு. அதற்கு மேல் ரசம், அப்பளம்.

அத்தையும் மாமாவும் அவர்களுடைய மகனும் வந்தார்கள். வாழையிலையில் அத்தனையும் வைத்தபோது மாமா, என்னம்மா, கல்யாண வீடா என்றார். அத்தை மீன்புட்டை இரண்டு முறை வாங்கினார். குழம்பைச் சோற்றில் ஊற்றி, மீன் எங்கே என்று தேடி, கிடைக்காமல், மறுபடி ஊற்றிக்கொண்டார். நான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இலையை மடித்துவிட்டு அத்தை அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, நான் சொன்னத விட்டுடு. ஒத்தச் சம்பளத்துல இப்படிச் சாப்பாடு போடுறவள வேலைக்கு அனுப்பிட்டு என்ன பண்ணப் போற? இவ கை இருக்கறப்ப ஒனக்கு ஒண்ணும் கொறையாது லா."

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. முதல்முறையாக அவர் பாப்போம் என்று சொல்லவில்லை. ஆமாக்கா என்றார். அம்மா மாமாவுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். டம்ளர் நிரம்பும் வரை தலையைத் தூக்கவில்லை.

அவர்கள் போனதும் ஓடிப்போய் ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஆமா, ஜெயிச்சாச்சு, போய்த் தம்பிக்குத் தண்ணி குடு என்றார். என் பட்டியலில் அன்றிரவு ஒரு குறிப்பு எழுதினேன்: அம்மாவால் தோற்க முடியாது.

திங்கட்கிழமை காலையில் அம்மா தொழிற்சாலைக்குப் பேசினார். எதிர்முனையில் இருந்தது அவருடைய பழைய லைன் லீடர், ஒரு மலாய் அக்கா. அம்மா உடனே விஷயத்துக்கு வரவில்லை. புதிய மெஷின் வந்துவிட்டதா, தன் மைக்ரோஸ்கோப்பில் இப்போது யார் உட்காருகிறார்கள் என்றெல்லாம் கேட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தாக் ஜாடி லா, காக்" என்றார். வர முடியவில்லை அக்கா என்று அர்த்தம்.

தொலைபேசியை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து, தொழிற்சாலையின் நீலநிற மேல்சட்டையை எடுத்தார். என்னிடம் கத்தரிக்கோல் எடுத்துவரச் சொல்லி வாங்கி, தையலோரமாகப் பிரித்து, சதுரம் சதுரமாக வெட்டினார். சூடான சட்டி இறக்குவதற்கு நான்கு பிடிதுணிகள் வந்தன. கழுத்துப் பட்டையும் வீணாகவில்லை, கொடிக்கயிறு கட்ட உதவியது. துணி கனமாக இருக்கிறது, கை சுடாது என்றார். இவருக்கு மட்டும் எப்படி இதெல்லாம் தோன்றுகிறது என்று நான் வாய்பிளந்து நின்றேன். பத்து மாதமாக யாரும் போடாத சட்டையில் அவ்வளவு புதிதாக இஸ்திரி மடிப்பு எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.