ரிசல்ட் வரும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்

1. முதல் நாள், முதல் சார்ட்

மெடிக்கல் லேப் டெக்னாலஜி படித்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். கொரோனா ஊரடங்கு முடிந்து பள்ளிகள் திறந்த சமயம். மயிலாப்பூரில் ஒரு பள்ளி ‘ஹெல்த் டெஸ்க்’ என்று ஒன்றைத் தொடங்கி அதற்கு என்னை எடுத்திருந்தது. அறை என்று கொடுத்தது உடைந்த குளோபும் சுருட்டிய வரைபடங்களும் கிடந்த ஒரு மூலை. எனக்கு அது போதும். முதல் வேலை, முதல் மேசை. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

முதல் நாளே ஒரு சார்ட் எழுதி கேட்டில் ஒட்டினேன்.

அ) காய்ச்சல், தொடர் இருமல், வாசனை தெரியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பிள்ளையை அனுப்ப வேண்டாம், டெஸ்ட் எடுக்கவும்.
ஆ) ரிசல்ட் வரும்வரை பிள்ளையும் வீட்டிலுள்ளவர்களும் தனிமைப்படுத்திக்கொள்ளவும்.
இ) பாசிட்டிவ் என்றால் மருத்துவர் சொல்லும்வரை தனிமையைத் தொடரவும்.

கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் ஒரு வரி குறைகிறது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

2. கோகோ கேப்டனுக்குக் காய்ச்சல்

செல்வி ஒன்பதாம் வகுப்பு. கோகோ அணியின் கேப்டன். அடையாற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வருகிற பெண். அவள் அம்மா முத்துலட்சுமி மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்கிறார். அப்பா லாரி டிரைவர்.

அந்தப் புதன்கிழமை காலை கேட்டில் அவள் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரைப் பிடித்தேன். சுட்டது. இருமலும் இருந்தது. தனியாக உட்காரவைத்து, அம்மாவை வரவழைத்து, டெஸ்ட் எடுக்க அனுப்பிவைத்தேன்.

பி.டி. சார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஏம்மா, சனிக்கிழம கே.கே. நகர்ல ஃபைனல்மா! ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கறவங்க வந்து உக்காரப் போறாங்க. இந்த வருசம் உட்டா அந்தப் பொண்ணுக்கு வயசு தாண்டிடும். எதுனா பாத்து பண்ணு.”

“ரிசல்ட் வரட்டும் சார்.”

“வரும் வரும். ரேஷன்ல பாமாயில் வர்ற மாதிரி வரும்.”

3. மஞ்சள் பூசிய நெற்றி

வெள்ளிக்கிழமை காலை செல்வி கேட்டில் நின்றாள். தலைமுடி ஈரம். முகத்தில் மஞ்சள். மூன்றடி தள்ளி நின்ற எனக்கே வேப்பிலை வாசம் அடித்தது. பின்னால் அவள் அம்மா, வேலை முடித்த திருப்தியோடு.

“தண்ணி ஊத்திட்டாங்க மிஸ்! ஆடலாம்ல?”

தெர்மாமீட்டர் நார்மல் காட்டியது. பி.டி. சார் கை தட்டினார். நான் கேட்டைத் திறக்கவில்லை.

“ரிசல்ட் வந்துடுச்சா?”

“இன்னா மிஸ் நீ,” என்றார் முத்துலட்சுமி. “நீ சொன்னாமேரியே தான செஞ்சோம்? வாசல்ல வேப்பில சொருவிட்டேன். ஒரு சனம் உள்ள வர்ல. நானும் மாமி ஊட்டுக்கு வேலைக்குப் போவல. ஜொரம் உட்டுச்சி, தலைக்குத் தண்ணி ஊத்திட்டேன். அத்தோட முடிஞ்சுது. இன்னும் இன்னா கீது?”

“தெர்மாமீட்டரே பாஸ் போட்டுடுச்சி, நீ இன்னாம்மா கோர்ட்டு மாதிரி ஸ்டே ஆர்டர் குடுக்கற?” என்றார் சார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் விதியை மீறவில்லை. அம்மை போட்ட வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படியே இருந்திருக்கிறார்கள். அந்தத் தனிமைக்கு ஒரு முடிவு உண்டு: தண்ணீர் ஊற்றுவது. என் சார்ட்டில் ‘தனிமைப்படுத்திக்கொள்ளவும்’ என்று இருந்ததே தவிர, அது எதோடு முடியும் என்று இல்லை. இல்லாத வரியை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையில் நிரப்பிக்கொண்டார்கள்.

சார்ட்டை விட்டுவிட்டு நேராகக் கேட்டேன்.

“அக்கா, பிள்ளை உடம்புல ரெண்டு கொப்புளம் தெரியுது. அம்மையா வேர்க்குருவானு தெரியல. தெரியற வரைக்கும் என்ன பண்ணுவீங்க?”

“வெளிய உட மாட்டோம்.”

“தண்ணி ஊத்துவீங்களா?”

“அம்மையா இன்னானு தெரியாம எப்டி ஊத்தறது?”

“அதேதான். இதுல கொப்புளம் வெளிய தெரியாது. அதைப் பாக்கத்தான் மூக்குல குச்சி விட்டாங்க. ஜுரம் விட்டாலும் உள்ள இருக்கலாம், அடுத்தவங்களுக்கு ஒட்டலாம். இவ ஓடிப் போய் முதுகுல தட்டி ‘கோ’ குடுக்கற பிள்ளைங்க எத்தனை பேர்?”

முத்துலட்சுமி மகளின் கையைப் பிடித்தார். அவளைப் பார்த்துச் சொன்னார்:

“வாடி. அவசரப்பட்டு ஊத்திட்டேன்.”

செல்வி அழுதுகொண்டே திரும்பினாள். பி.டி. சார் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

4. லிங்க் பயம்

சனிக்கிழமை காலை டெஸ்ட் சென்டர் திறந்ததும் போன் செய்தேன்.

“நேத்து சாயங்காலமே மெசேஜ் அனுப்பிட்டோமே மேடம். ரிசல்ட்ட போன்ல சொல்ல மாட்டோம். குடுத்த நம்பர்ல பாருங்க.”

குடுத்த நம்பர்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். வாசலில் புது வேப்பிலை. தள்ளி நின்று கத்தினேன். “அக்கா! எந்த நம்பர் குடுத்தீங்க?”

“ஊட்ல இருக்கறதே ஒரு போனு. அத்த அவரு போன வாரமே லாரில எடுத்துக்கினு போய்ட்டாரு. அதான் மாமி நம்பர் குடுத்தேன்.”

மாமி என்றால் அவர் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், குளத்துக்குப் பக்கத்தில். தெரியாத நம்பரை மாமி எடுக்க மாட்டார் என்று முத்துலட்சுமி சொன்னதால் நேரிலேயே போய்க் கதவைத் தட்டினேன்.

“செல்வியோட ஸ்கூல்ல இருந்து வரேன் மாமி. உங்க போன்ல ஏதாவது மெசேஜ் வந்துதா?”

“நேத்திலேர்ந்து வந்துண்டே இருக்கு. லிங்க்கை அமுக்கு, லிங்க்கை அமுக்குன்னு. நான் என்ன பைத்தியமா? அமுக்கினா பேங்க்ல இருக்கறதைத் துடைச்சுண்டு போயிடுவன். எதிராத்து மாமாவுக்கு அப்படித்தான் ஆச்சு.”

“அது செல்வியோட ரிசல்ட் மாமி!”

“ஐயோ! அசடுடி நான். இந்தா, நீயே அமுக்கு!”

அமுக்கினேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சுலோகம் முணுமுணுத்தார். திறந்தது.

நெகட்டிவ்.

லேபில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் நினைவுக்கு வந்தது: சேர வேண்டியவர் கைக்குச் சேராத ரிசல்ட், ரிசல்ட்டே இல்லை.

5. கே.கே. நகருக்கு

திரும்பவும் ஆற்றங்கரை. இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது.

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. ஜுரம் மாத்திரை குடுத்து விட்டுதா, தானா விட்டுதா? மாத்திரைல விட்டிருந்தா அது விட்டதாக் கணக்கில்ல.”

“மொத நாளு ராத்திரி ஒண்ணு குடுத்தேன். அதுக்கப்பறம் இல்ல மிஸ், அம்மா மேல சத்தியமா. நேத்தெல்லாம் சுடவேயில்ல.”

இருமலும் இல்லை. தெர்மாமீட்டரும் சரி என்றது.

“கெளம்பு செல்வி!”

முத்துலட்சுமி வேப்பிலையை உருவினார். “இப்ப தண்ணி ஊத்தலாமா மிஸ்?”

“தாராளமா ஊத்துங்க. ஆனா சாயங்காலம்! இப்ப நேரமில்ல!”

கோடம்பாக்கம் பாலத்தில் டிராஃபிக். பின்னாலிருந்து செல்வி, “மிஸ், லெஃப்டுல போ! பஸ்ஸுக்கு முன்னாடி நொழை!” என்று எனக்கே கோச்சிங் கொடுத்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் இன்னிங்ஸ் முடிந்து எங்கள் அணி பின்தங்கியிருந்தது. மாமி போனிலிருந்து அனுப்பிக்கொண்ட ரிசல்ட்டோடு பி.டி. சாரிடம் என் போனை நீட்டினேன். படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு செல்வியைப் பார்த்து, “ஷூ போடாம இன்னா வேடிக்க பாக்கற? எறங்கு!” என்றார்.

இறங்கினாள். ஓரத்துக் கம்பத்தைப் பிடித்து அவள் பாய்ந்து தொட்ட முதல் எதிரணி டிஃபென்டரை நான் இன்னும் மறக்கவில்லை. கத்திக் கத்தி என் தொண்டை அன்றே கட்டிக்கொண்டது. திங்கட்கிழமை எனக்கே டெஸ்ட் எடுக்க வேண்டியதாயிற்று.

ஆட்டத்தில் தோற்றோம், ஒரு பாயிண்டில். ஆனால் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள், கிளம்புமுன் செல்வியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்வேன். ஒரு பிள்ளையைத் தடுத்து நிறுத்தினால், எப்போது விடுவோம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அந்த நேரம் வந்ததும், தடுத்த வேகத்தைவிட வேகமாக ஓடிப்போய் விடுவியுங்கள்.

என் இரண்டாவது சார்ட்டில் நான்காவதாக ஒரு வரி சேர்த்தேன்.

ஈ) ரிசல்ட் நெகட்டிவ், மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லை: தண்ணீர் ஊற்றலாம், பள்ளிக்கு வரலாம்.

அதற்குப் பிறகு, கேட்டில் யாரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை.