கோழிக்கூண்டுக் கதவில் இருந்த மெட்ராஸ்

நாவலூரில் என் மகன் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் போன மாதம் ஒரு டிஷ் வைத்தார்கள். அப்பளம் பொரிக்கிற வாணலியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதிலேயே எல்லாம் வருகிறது. டில்லி வருகிறது, தமிழ் சேனல்கள் வரிசையாக வருகின்றன, அந்தப் பழைய மெட்ராஸ் சேனலும் வருகிறது. எனக்கு எழுத்து தெரியாது. ரிமோட்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியும். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தால், அவளுக்கு முன்னால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை எழுதுகிறாள். என் பேச்சையெல்லாம் பாடப்புத்தகமாக மாற்றிவிடுகிறாள். எழுதட்டும், நல்ல பெண்.

எங்கள் ஊர் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், கடலோரம். மணல் காடு, சவுக்கு, வேர்க்கடலை. அப்பாவும் அம்மாவும் பெரிய வீட்டுக் கொல்லையில் வேலை செய்தார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அந்தத் தம்பி இப்போது செங்கல்பட்டில் வேலையில் இருக்கிறான், தொப்பை வைத்துவிட்டான். அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிட்டு, அம்மா அங்கேயே பின்பக்க ஜன்னலோரம் நிற்பாள். உள்ளே டிவியில் படம் ஓடும். வெளியே போ என்று யாரும் சொன்னதில்லை, உள்ளே வா என்றும் சொன்னதில்லை. கொசு வருகிறது என்று பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திவிட்டால் பேச்சு மட்டும் கேட்கும். மீதிப் படத்தை வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவே கட்டிச் சொல்வாள். அம்மா சொல்கிற படத்தில் ஒருத்தரும் சாகமாட்டார்கள்.

அம்மாவுக்குத் தம்பி ஒருவர், என் மாமா. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் மண் வேலைக்குப் போனவர், அப்புறம் வீடு வீடாக டிவிக்கு ஒயர் இழுக்கும் ஒருத்தரிடம் சேர்ந்துகொண்டார். அந்த ஆள் எங்கள் ஊர் ரோட்டோரம் பெரிய டிஷ் ஒன்றை நட்டார். கிணற்று வாய் அகலம் இருக்கும். காக்கா அதில் உட்காருமா உட்காராதா என்று ஊரே நின்று பார்த்தது. மாமா அதிலிருந்து எங்கள் கூரை வீட்டுக்கு ஒரு ஒயர் இழுத்தார். மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் விட்டுப்போன கருப்பு வெள்ளை டிவியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். கூடவே ஆன்டனாவும் வந்தது. வானத்தையே பிடிக்கிற டிஷ் இருக்கும்போது இந்தக் குச்சி எதற்கு என்று, அதை வளைத்துக் கட்டி அம்மாவின் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கிவிட்டார். கதவு நன்றாகத்தான் இருந்தது.

"இனிமே நீ அங்க போய் நிக்காதக்கா. நம்ம வூட்டுக்கே படம் வருது" என்றார்.

அந்தப் பேச்சை நம்பி அம்மா பெரிய வீட்டு அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன், எங்கள் வீட்டிலேயே டிவி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டதை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெருவே எங்கள் வீட்டுக்குள் இருந்தது. மாமா பொத்தானைத் திருகினார். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. ஆனால் ஒருத்தன் இந்தியில் செய்தி சொன்னான். திருகினால் வெள்ளைக்காரி பாடினாள். இன்னும் திருகினால் பந்து விளையாட்டு. மெட்ராஸ் மட்டும் இல்லை. எதிர்வீட்டு அத்தை, "இன்னாத்துக்குடா எங்கள இந்தியில உக்கார வச்சிக்கீற?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. படம் வராவிட்டால் அடுத்த வாரம் எந்த முகத்தோடு அந்த ஜன்னலுக்குப் போவாள்?

மாமா ரோட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"இன்னா அண்ணாத்த, அம்மாந்தூரம் கீற டில்லி வருது, தோ கீற மெட்ராஸு வர்லியா?"

டிஷ்காரர் சிரிக்காமல் சொன்னார். "மேல வானத்துல கீறததான் இது புடிக்கும். மெட்ராஸு டவர்லர்ந்து வருது. அதுக்கு ஆன்டனா வோணும். டிவிகூட ஒண்ணு வந்துச்சே, எங்க அது?"

மாமா திரும்பி ஓடி வந்து கோழிக்கூண்டைப் பிரித்தார். கோழிகள் ஆளுக்கொரு பக்கம் பறந்தன. ஆன்டனாவை நிமிர்த்தி ஒரு சவுக்குக் கழியில் கட்டி வாசலில் நட்டார். கடல் காற்று அதைச் சுற்றிச் சுற்றி விட்டது. மணலில் கழி நிற்கவுமில்லை. கடைசியில் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒயரோடு உள்ளே ஓடினார். உள்ளேயிருந்து, "வர்ல... வர்ல... தோ வந்துட்சி, ஆடாத" என்றார்கள். நான் அப்படியே மரமாக நின்றேன்.

படம் வந்தது. புள்ளி புள்ளியாக, ஆனால் தமிழில்.

கை கடுத்தது. கோழிகள் என் காலைச் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்குப் படம் தெரியவில்லை, வாசல்தான் தெரிந்தது. உள்ளே பாயில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, டிவிக்கு நேர் எதிரே மட்டும் ஓர் ஆள் உட்கார இடம் காலியாக இருந்தது. மாமா விட்டுவைத்த இடம். அம்மா வாசலுக்கு வெளியே, நிலையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா திரும்பிப் பார்த்தார். "உள்ள வந்து உக்காருக்கா. இது உன் வூடு" என்றார்.

"இங்கர்ந்தே நல்லாத் தெரியுதுடா" என்றாள் அம்மா.

மாமா எழுந்து வெளியே வந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, படம் முடியும்வரை அவரும் நின்றுகொண்டே பார்த்தார்.

நான் கழியைப் பிடித்தபடி கடுப்பில் இருந்தேன். உள்ளே அவ்வளவு நல்ல இடம் காலியாகக் கிடக்க, இந்த இரண்டு பேரும் எதற்கு வெளியே நிற்கிறார்கள்? நான் கழியை விட்டுவிடுவேனோ என்று காவல் நிற்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.