சிலேஷே கேலி பண்ணாத காலை

லாமெக் ஜெரே எங்கள் அரசுப் புள்ளிவிவர அலுவலகத்தில், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் ஆளாகச் சேர்ந்தவர். படிப்படியாக ஏறி, பழைய தலைவர் ஓய்வு பெற்றதும் பொறுப்புத் தலைவரானார். அதோடு மேலிடத்துக்கு அவர் நினைப்பே அற்றுப்போயிற்று. தலைநகர் லுசாகாவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் "எப்போ நிரந்தரம்?" என்று கேட்டான். மனுஷன் சிரித்தே சமாளித்தார். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பதவிமேல் உயிரையே வைத்திருந்தார். ஆசைப்பட்டால் என்ன தப்பு?

அவருடைய செயலாளர் சிலேஷே, பெம்பா இனத்துக்காரி. இவர் ங்கோனி இனம். ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு மடிந்த சனங்கள். இப்போது அந்தப் பழைய பகையே உரிமையாகி ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி கேலி பண்ணலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில் பிணத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். ங்கோனிகள் எலி தின்பவர்கள், பெம்பாக்கள் குரங்கு தின்பவர்கள் என்பதுதான் வழக்கமான கேலி.

"வந்துட்டான்யா எலிதின்னி! கடவாயில வால் தொங்குது பாரு, தொடச்சுக்க" என்பாள் காலையில்.

"குரங்கு தின்ன வாய்தானே, நாறத்தான் செய்யும்" என்பார் இவர். அதற்கப்புறம்தான் அலுவலகத்தில் வேலையே தொடங்கும்.

நியமன அறிவிப்பு வருகிற அன்று மனைவி எஸ்னாத், "கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கிறேன், நல்ல சேதியோட வாங்க" என்று சொல்லி அனுப்பினாள். அவர் உள்ளே நுழைந்ததும் சிலேஷே எழுந்து நின்றாள்.

"வணக்கம் சார். உக்காருங்க சார்."

கேலியைக் காணோமே என்று அவர் நின்றபடியே கேட்டார்: "வேற ஆளா?"

"இப்பத்தான் போன் வந்துச்சு சார். வெளியிலேர்ந்து யாரையோ போட்டுட்டாங்க."

"பொணத்தையே கேலி பண்றவ நீ. நான் அதவிடக் கேவலமாப் போயிட்டேனா?"

"இல்லடா எலிதின்னி... உன்ன உக்கார வச்சா நாற்காலியக் கொறிச்சுப்புடுவியோன்னு பயந்துட்டானுங்க" என்றவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

அவர் சிரித்தார். பாதியிலேயே குரல் உடைந்தது. "ரொம்ப ஆசப்பட்டுட்டேன், சிலேஷே. எஸ்னாத் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"நான் வந்து சொல்றேன். அவளும் உங்க சனந்தானே, எம்மேல கோவிச்சுக்க முடியாது."

சாயங்காலம் அவரோடு வந்து, அவர் வீட்டு வாசலில் நின்றபடியே சிலேஷே கத்தினாள்: "ஏ எலிக்காரி! நாட்டுக்கு வேணாமாம், உம்புருஷன உனக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க! வந்து வாங்கிக்க!"

எஸ்னாத் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது.

"குடுடி இங்க, எனக்கு வேணும்" என்று கணவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.