சிற்றாற்றங்கரைக் குருட்டுக்கொக்கு

வாப்பாவின் அடக்கத்தை நான் கைபேசித் திரையில் பார்த்தேன். வளைகுடாவில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். காற்றில் அவர் கை ஆட, படமும் ஆடியது. வெளிறிய மணல், குனிந்த முதுகுகள், அடையாளத்துக்கு நட்ட ஒரு கல். உடலை ஊருக்குக் கொண்டுவர நாளாகும் என்பதால் அங்கேயே அடக்குவதென்று முடிவாகியிருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த உம்மா திரையைப் பார்க்கவில்லை; கைபேசியைப் பிடித்திருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவுமில்லை.

உம்மா இத்தாவில் அமர்ந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதத்துக்கு மேல் வெளியே போகாமல், அலங்காரம் துறந்து வீட்டிலேயே இருக்கும் காலம் அது. தென்காசியில் எங்கள் தெருப் பெண்கள் பலர் அப்படி இருந்து, வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி அழுது ஆறியதை நான் கண்டிருக்கிறேன். உம்மா எதையும் சொல்லவில்லை. வைத்த சோறு வைத்தபடியே இருக்கும். துணைக்கு வந்து தங்கிய மாமி, வாப்பாவின் அக்கா, அதை மூடி எடுத்துப் போவார். மாமி இளவயதிலேயே கணவனை இழந்தவர். அன்று முதல் வெள்ளைச் சேலை மட்டுமே உடுத்துபவர். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை, ஊர் வழக்கம். இத்தா முடிந்ததும் உம்மா உடுத்துவதற்கென்று ஒரு வெள்ளைச் சேலையை அவரே வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். அதில் கொடுமை ஏதுமில்லை. தமக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் தம்பி மனைவிக்கும் காட்டினார். உம்மா சரியென்றும் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. தம் மிச்ச வாழ்நாளை யாரோ மடித்து வைத்துவிட்டதைப்போல அந்த அலமாரியைக் கடந்துபோவார். இனி அவர் எப்படி வாழப்போகிறார் என்பதுதான், துக்கத்துக்கும் மேலாக, என்னை அச்சுறுத்தியது.

கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்த நான் மாலைகளில் சிற்றாற்றுக்குப் போகத் தொடங்கினேன். போய் நிற்பதற்கு எங்களுக்கு இங்கே வாப்பாவின் கபர் இல்லை, ஆறு இருந்தது. வாப்பா தம் விடுமுறையை எப்போதும் சாரல் காலத்தில்தான் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் குற்றாலத்து அருவிக்கு ஓடும்போது, அந்த அருவி நீர் ஆறாகி வந்து சேரும் இந்தக் கரையில் அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஆண்டு முழுவதும் அடுக்குக் கட்டில்களில் பலரோடு படுத்தெழுந்தவருக்குக் கூட்டமில்லாத ஓரிடம் வேண்டியிருந்தது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

கோடையில் ஆறு சுருங்கிப் பாறைகளுக்கிடையே குட்டைகளாக நின்றது. நீர்க்காகம் ஒன்று சிறகுகளை விரித்து உலர்த்தும். மீன்கொத்தியை அதன் குரலுக்குப் பிறகே கண்டுபிடிக்க முடியும். என்னை அங்கே நிறுத்தி வைத்ததோ ஒரு குருட்டுக்கொக்கு; பெயர்தான் அப்படி, கண் நன்றாகவே தெரியும். சேற்று நிறம், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றால் கரைக்கல்லுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தார்கள்: அழுகையை, பொறுமையை, படிப்பை விடமாட்டேன் என்ற உறுதியை. அந்தப் பறவை எதையும் எதிர்பார்க்கவில்லை. அதற்குச் சற்றுத் தள்ளி அமர்ந்துதான் நான் முதன்முதலாக அழுதேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அலட்சியம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

கண்டவற்றை வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொல்வேன். அவர் குனிந்த தலை நிமிராது. ஒருநாள், “அந்தக் கொக்கு இன்னைக்கு ரொம்ப நேரம் நின்னுச்சு உம்மா. ஒரு மீனும் கிடைக்கல. சும்மா பறந்து போயிட்டு” என்றேன்.

உம்மா தலைநிமிர்ந்தார். “ஒங்க வாப்பா மீன் வாங்கப் போன மாதிரிதான். பைய தூக்கிட்டு மொத ஆளா போவாரு. பேரம் பேசி முடிக்கதுக்குள்ள மீனெல்லாம் வித்துப்போவும். வெறும் பையோட வந்து, இன்னைக்கு மீன் சரியில்லன்னு வேற சொல்லுவாரு.”

“புளியறை வரைக்கும் போயி ஒருக்கா வாங்கியாந்தானே, அதச் சொல்லு” என்றார் மாமி, அடுக்களையிலிருந்து.

“அது நாறுன மீனுல்லா மைனி! பூனைகூட மோந்து பாத்துட்டுப் போயிட்டு.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவில் உம்மாவின் குரல் உடைந்தது. மாமி ஓடிவந்து அவர் தலையைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டார். அன்று உம்மா சாப்பிட்டார். அதன்பிறகு நாள்தோறும், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: “என்னட்டி, கொக்கு என்ன சொல்லுது?”

ஆனிச் சாரலில் இத்தா முடிந்தது. குளித்து வந்த உம்மா அலமாரி முன் நெடுநேரம் நின்றார். வெள்ளைச் சேலையையும் எடுக்கவில்லை, வேறொன்றையும் எடுக்கவில்லை. உடுத்தியிருந்த சாயம்போன சேலையின் மேலேயே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, “அந்தக் கொக்கக் காட்டுட்டி” என்றார். மாமியும் உடன் வந்தார்.

ஆறு கலங்கி, பாறைகளை மூடி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரைப் புல்லருகே கொக்கு நின்றது. முதுகு முழுவதும் கருஞ்சிவப்பு. பிடரியில் நீண்ட தூவிகள்.

“நீ சேத்து நெறம்னுல்லா சொன்ன? இது வேற கொக்கு.”

“அதேதான் உம்மா. மழைக்காலம் வந்தா அதுக்கு எறகு நெறம் மாறும்.”

அதே பறவைதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்த இனம் அப்பருவத்தில் நிறம் மாறும் என்பது மட்டும் உண்மை.

அடுத்துப் பேசியவர் மாமிதான். “பரவால்லயே. அத யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க போல.”

கேலியாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது குரலில் கேலி இல்லை. ஈரத்தில் அவருடைய வெள்ளைச் சேலை தோளோடு ஒட்டியிருந்தது. அவர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தச் சேலைய எங்கிட்டயே தந்துரு புள்ள. ஒனக்கு நாளைக்குக் கடைக்குப் போயி வேற எடுப்போம்.”

“எடுப்போம் மைனி. நீங்களும் ஒண்ணு எடுத்துக்கிடுங்க.”

கொக்கு எழுந்து பறந்தது. பறக்கையில்தான் அதன் சிறகுகள் எவ்வளவு வெண்மையானவை என்பது தெரிந்தது. அது மரங்களுக்கப்பால் மறையும்வரை மாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.