வணக்கத்துக்கு முன்னால் மூன்று செகண்ட்

அவள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பா ரேடியோவில் செய்தி வாசித்தவர். முப்பது வருஷம் ஊரே அவர் குரலைக் கேட்டபடிதான் சாப்பிட உட்கார்ந்தது. அவர் காலமான பிறகு, கண்ணாடி மாற்ற வந்தவர்களெல்லாம், "உங்கப்பா எங்க வீட்டு மனுஷர் மாதிரிம்மா" என்று மூக்கை உறிஞ்சினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்கள் வீட்டிலெல்லாம் கணீரென்று பேசிய மனிதர், சொந்த வீட்டில் தொண்டையைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று வாயே திறக்கமாட்டார். உப்பு வேண்டுமென்றால்கூடக் கைஜாடைதான்.

ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம். மகள் பேசியே ஆகவேண்டுமாம். என்னத்தைப் பேசுவது? பெற்ற அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையே என்று நினைத்தபோதுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏதாவது தேறுமா என்று அவர் வாசித்த பழைய தாள்கட்டுகளைக் கிளறினாள். வரிக்கு வரி பென்சில் கோடுகள். ஒரு கோடு என்றால் மூச்சு, இரண்டு என்றால் நிறுத்தம். அது அவளுக்குத் தெரியும். ஆனால் கடைசி வரியில், 'வணக்கம்' என்பதற்கு முன்னால், ஒரு குட்டி வட்டம் இருந்தது. எல்லாத் தாளிலும் இல்லை, நான்கைந்து வருஷத்துத் தாள்களில் மட்டும். கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். பெரிய வட்டமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, அப்பாவோடு வேலை பார்த்த ஒலிப்பதிவுக்காரரைத் தேடிப் போனாள்.

"அந்த வட்டமா? அதுக்காக நான் வாங்கின திட்டு கொஞ்சமா!" பெரியவர் சிரித்தார். "அங்க மூணு செகண்ட் சும்மா இருப்பாரு. ரேடியோல சத்தம் நின்னா மேலதிகாரி குதிகுதின்னு குதிப்பாரு."

"எதுக்கு மாமா நிறுத்தினாரு?"

"சின்ன வயசுல நீ, செய்தி முடிஞ்சதும் ரேடியோவைப் பாத்து, 'அப்பா, சாப்பிட்டேன், தூங்கப் போறேன்'னு சொல்லுவியாம். அவரு டக்குனு வணக்கம் சொல்லிட்டா, என்னைப் பேச விடலைன்னு அழுவியாம். உங்கம்மா அவருகிட்ட சொல்லியிருக்காங்க. 'புள்ள பேசி முடிக்கட்டும்யா'ன்னு என்னை அடக்கிடுவாரு."

அவளுக்கு இதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பெரியவர் ஒரு பழைய பதிவைத் தேடி ஓடவிட்டார்.

"செய்திகள் இத்துடன் முடிவடைந்தன" என்றார் அப்பா. பிறகு சத்தமே இல்லை.

"அப்பா..." என்றாள். அடுத்த வார்த்தையைத் தேடினாள். அதற்குள் அவர் வணக்கம் சொல்லிவிட்டார்.

"மாமா, இன்னொரு தடவை போடுங்க."